சாம்பல் குளத்தின் கரையில்

அனல் மின் நிலையம் ஒன்றின் சாம்பல் அகற்றும் பிரிவில் 11 ஆண்டுகள் பணியாற்றினேன். 500 மெகாவாட் அலகு முழுத் திறனில் ஓடும்போது, சாம்பல் மிகுந்த நிலக்கரியானால், நாளொன்றுக்குச் சுமார் 8,000 டன் எரிகிறது. அதில் 35 சதவீதம் சாம்பல் என்றால், 2,800 டன்னை அன்றன்றே எங்காவது கொண்டு சேர்த்தாக வேண்டும். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கொதிகலனின் அடியில் விழும். எஞ்சியது புகையோடு பறக்கும். பறக்கும் துகள்களுக்குப் பல்லாயிரம் வோல்ட்டில் மின்னூட்டம் ஏற்றி, ஈ.எஸ்.பி. எனும் தூசு பிடிக்கும் கருவியின் தகடுகளில் ஒட்டச் செய்து, சுத்தியலால் தட்டி, அடியிலுள்ள ஹாப்பர் எனும் சேகரிப்புத் தொட்டியில் உதிர்ப்போம். நன்கு பராமரித்தால் 99 சதவீதத்துக்கு மேல் பிடிபடும். புகைபோக்கியின் வாயில் எதுவும் தெரியாத நாள் எங்களுக்கு நல்ல நாள்.

ஆனால் பிடித்த சாம்பல் எங்கும் மறைந்துவிடுவதில்லை. சிமெண்ட், செங்கல் ஆலைகளுக்குப் போனது போக மீதியை நீரில் கலந்து, குழாய் வழியே சாம்பல் குளத்துக்கு அனுப்பினோம். குளத்தின் ஓரத்தில் வெண்ணிற நுரை ஒதுங்கி நிற்கும். அள்ளிப் பார்த்தால் அது நுரையன்று, உள்ளீடற்ற மிக நுண்ணிய கண்ணாடி உருண்டைகள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். அதே சாம்பலில்தான் ஆர்சனிக்கும் செலினியமும் பாதரசமும் சிறு அளவில் இருக்கின்றன.

ஒரு கோடையில், சாம்பல் பறக்காமல் நனைத்து வைக்கும் தெளிப்பான் பம்பு பழுதாகி, குளத்தின் ஒரு பகுதி காய்ந்து போனது. பிற்பகலில் காற்று எழும்பியதும் கரைக்கு அப்பாலிருந்து ஒரு பெண்மணி குடத்தோடு வந்து, "இதப் பாருங்க சார்" என்று நீரின் மேல் படர்ந்திருந்த சாம்பல் நிற ஏட்டைக் காட்டினார். அன்றைய லாக் புக்கில் நான் எழுதியது "தெளிப்பான் பம்பு பழுது" என்ற ஒரே வரி. அந்தக் குடத்தைப் பதிவு செய்ய அதில் கட்டம் இல்லை; நானும் ஓரத்தில்கூட எழுதி வைக்கவில்லை. அது இன்றும் என்னை உறுத்துகிறது.

2008 டிசம்பர் 22 அன்று அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், கிங்ஸ்டன் அனல் மின் நிலையத்தின் சாம்பல் தேக்கக் கரை உடைந்து, 40 லட்சம் கன மீட்டருக்கும் அதிகமான சேறு ஆற்றிலும் குடியிருப்புகளிலும் பாய்ந்தது. அதை அகற்றிய தொழிலாளர்களில் பலர் நோயுற்று, பிறகு நீதிமன்றம் சென்றார்கள். அதன் பிறகு கரையில் ஈரக்கசிவு தெரிந்தாலே எனக்கு நெஞ்சு படபடக்கும்.

இப்போது சூரிய மின் நிலையத்தில் பணி. சாம்பல் இல்லை, புகை இல்லை. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமன்று என்றே உறுதியாக நினைக்கிறேன். ஆயினும் ஒரு மெகாவாட்டுக்கு நான்கைந்து ஏக்கர் தேவைப்படுகிறது. தரிசு என்று ஆவணம் சொல்லும் நிலம் பலருக்கு மேய்ச்சல் நிலம். உரிமைப் பத்திரம் இல்லாததால் இழப்பீட்டுப் பட்டியலில் அவர்கள் இடம்பெறுவதில்லை.

சென்ற திட்டத்தில் வேலிக் கல் நடுவதற்கு முன்பே, ஆடு மேய்ப்பவர்களை அழைத்து, அவர்கள் வழக்கமாகத் தண்ணீருக்குச் செல்லும் தடத்தில் எங்களோடு நடக்கச் சொன்னோம். வரைபடத்தில் இல்லாத மூன்று ஒற்றையடிப் பாதைகள் தெரியவந்தன. இரண்டைத் திறந்தே விட்டோம். மூன்றாவது, பேனல் வரிசைகளின் குறுக்கே போகிறது. அதைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.