பம்பின் ஓசையைக் கேட்டபடி 1,600 கிலோமீட்டர்

1966ஆம் ஆண்டில் தயாரான எங்கள் எம்ஜிபி காரில், கிளப் நடத்திய நான்கு நாள் ராலியை முடித்து வீடு திரும்பி ஒரு வாரம் ஆகிறது. வழியெல்லாம் பார்த்த காட்சிகளை விட, காதில் விழுந்த ஓசைகள்தாம் இன்னும் மனத்தில் நிற்கின்றன. பழைய காரில் நெடுந்தூரம் போகிறவர்களுக்குக் கண்ணை விடக் காதுதான் பெரிய துணை என்பதை இந்த 1,600 கிலோமீட்டர்களில் நான் முழுமையாக உணர்ந்தேன்.

இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை ஐந்து இலட்சத்திற்கும் அதிகமான எம்ஜிபி கார்கள் உருவாயின. 1,798 சிசி கொள்ளளவு, நான்கு சிலிண்டர்கள், பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் இரண்டு எஸ்யு நிறுவனக் கார்பரேட்டர்கள் என எளிமையான எஞ்சின்தான்; ஆனால் 1964இன் இறுதியில் கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங்குகளை மூன்றிலிருந்து ஐந்தாக உயர்த்திய பிறகு, அது நீண்ட ஓட்டத்தை அலுப்பில்லாமல் தாங்கியது. எங்கள் கார் பிறந்த அதே 1966இல், நூர்பர்க்ரிங் தடத்தில் 84 மணி நேரம் நடந்த மராத்தான் டி லா ரூட் போட்டியில் எம்ஜிபி ஒன்று முதலிடம் பெற்றது. அந்த வரலாறு எனக்குத் துணிவைத் தந்தது என்றாலும், அறுபது ஆண்டுகளை நெருங்கும் ரப்பர் குழாய்களும் மின்கம்பிகளும் அந்த வெற்றியை நினைவில் வைத்திருக்கப் போவதில்லை என்பதையும் நான் அறிந்தே இருந்தேன்.

ஆகவே புறப்படுவதற்கு முந்தைய ஒரு மாதம் முழுவதும் ஷெட்டிலேயே கழிந்தது. சிலிண்டர்களுக்கு மின்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரில், மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் தொடுமுனையான பாயின்ட்டின் இடைவெளியை 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் வைத்து, கண்டென்சரையும் ரோட்டரையும் மாற்றினேன். கம்பிச் சக்கரங்களைக் கழற்றி, அச்சின் பற்களைத் துடைத்துப் புதிய கிரீஸ் பூசினேன். இதைச் செய்யாமல் விட்டால் பற்கள் தேய்ந்து, பிரேக் பிடிக்கும்போதும் கிளம்பும்போதும் சக்கரத்திலிருந்து 'டொக்' என்ற ஓசை எழத் தொடங்கும். 1966ஆம் ஆண்டு எம்ஜிபியில் பாட்டரியின் நேர்முனைதான் காரின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். எதிர்முனையை உடலோடு இணைக்கும் இக்காலத்துக் கார்களுக்கான மின்னணுக் கருவியை இதில் வழக்கம்போல இணைத்தால் கருகிவிடக்கூடும் என்பதால், தனி பாட்டரியில் இயங்கும் கடிகாரங்களை மட்டுமே எடுத்துக்கொண்டோம்.

ராலி என்றதும் வேகப் போட்டி என்று பலர் நினைக்கிறார்கள். இது அப்படியன்று. குறித்த சராசரி வேகத்தைப் பிசகாமல் காப்பதுதான் போட்டி. சோதனைச் சாவடி எங்கே ஒளிந்திருக்கிறது என்று முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள். ஒரு நொடி முந்தினாலும் பிந்தினாலும் தண்டப்புள்ளி. சராசரி மணிக்கு 48 கிலோமீட்டர் என்றால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சரியாக 75 நொடி. காரின் தூரமானி நூற்றுக்கு மூன்று பங்கு தவறாகக் காட்டினாலும் 30 கிலோமீட்டரில் 900 மீட்டர் பிசகும். அது 67 நொடிக்கும் மேற்பட்ட பிழை. அதனால்தான் முதல் நாள் காலையில், அமைப்பாளர்கள் அளந்து வைத்திருந்த தூரத்தை ஓட்டிப் பார்த்து, எங்கள் தூரமானியின் பிழையைத் தாளில் குறித்துக்கொண்டோம். வழிப்புத்தகத்தில் ஊர்ப் பெயர்கள் இருப்பதில்லை. ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒரு சிறு படம். கீழே உள்ள புள்ளியிலிருந்து வந்து, அம்புக்குறி காட்டும் பக்கம் போக வேண்டும். நெதர்லாந்தின் டியூலிப் ராலியிலிருந்து வந்த முறை என்பதால் அதற்கு டியூலிப் படம் என்றே பெயர். படத்தைப் படிப்பதும் நொடிகளைக் கணக்கிடுவதும் என் மனைவியின் பொறுப்பு. மடியில் புத்தகமும் இரு கைகளிலும் கடிகாரமுமாக அவள் அமர்ந்திருந்த நிதானத்தைப் பார்த்துத்தான் என் கால் ஆக்சிலரேட்டரில் சீராக நின்றது.

இரண்டாம் நாள் நண்பகலில், மலையேற்றத்தின் நடுவே எஞ்சின் இருமுறை திணறியது. பெட்ரோல் கார்பரேட்டரிலேயே கொதித்துவிட்டது என்று எண்ணி நான் வெப்பமானியைப் பார்த்தேன். முள் நடுவில்தான் இருந்தது. அப்போது அவள் சொன்னாள்: "பம்ப் சத்தம் நின்னுபோச்சுங்க."

அவள் சொன்னது சரி. எஸ்யு பெட்ரோல் பம்பு மின்காந்தத்தால் இயங்குவது. காந்தம் சவ்வை இழுக்கும், இழுத்த முடிவில் பாயின்ட் திறந்து மின்சாரம் அறும், சுருள்வில் சவ்வைத் திருப்பித் தள்ளும். ஒவ்வொரு தள்ளலுக்கும் ஒரு 'டிக்'. பாயின்ட்டில் கரி படிந்தால் அந்த ஓசை நின்றுவிடும். கார்பரேட்டர் தொட்டியில் மிச்சமிருக்கும் பெட்ரோல் தீரும்வரைதான் கார் ஓடும். சாலையோரம் நிறுத்தி, வலப்பக்கப் பின்சக்கரத்திற்கு முன்னால் கீழே படுத்து, சுத்தியலின் மரப்பிடியால் பம்பை மெல்ல இருமுறை தட்டினேன். டிக், டிக், டிக் என்று விரைந்து ஓடி, தொட்டி நிறைந்ததும் மெல்ல அடங்கியது. ஆறு நிமிடம் இழந்தோம்; அன்றைய பட்டியலில் கீழே போனோம். அன்றிரவு பம்பின் மூடியைக் கழற்றிப் பார்த்தபோது, பாயின்ட்டின் முகத்தில் கடுகளவில் ஒரு கருங்குழி தெரிந்தது. மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளைத்தாளை இடையில் செருகி உருவித் துடைத்தேன்.

மூன்றாம் நாள் நீண்ட சமவெளி. அதே வேகத்தை எஞ்சினின் குறைந்த சுழற்சியில் தரும் கூடுதல் கியரான ஓவர்டிரைவைப் போட்டதும், 100 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் நிமிடத்திற்குச் சுமார் 3,500 சுற்றிலிருந்து 2,800க்கு இறங்கி, குரலும் தாழ்ந்தது. மணிக்கணக்கில் அந்த ஒரே சுருதி.

பம்பு நின்ற நாளிலிருந்து ஒரு வழக்கம் எங்களுக்குள் வந்துவிட்டது. காலையில் சாவியை முதல் நிலைக்குத் திருப்பிவிட்டு நான் காத்திருப்பேன். அவள் பம்பின் டிக் ஓசையை வாய்க்குள் எண்ணுவாள். கடைசி நாள் காலை பதினெட்டில் ஓசை அடங்கியது. அவள் தலையசைத்து, புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள்; நான் ஸ்டார்ட் செய்தேன்.