பக்கத்து பெட்

எழும்பூர்ல ஒரு தலசீமியா வார்டு, உடம்புல ரத்தம் சரியா ஊறாத பரம்பரை நோய் அது. பக்கத்து பக்கத்து பெட்ல ஒரு பையன், ஒரு பொண்ணு, பதினாறு பதினேழு வயசு இருக்கும், ரெண்டு பேருக்கும் ரத்தம் ஏறிட்டிருக்கு.

"உனக்கு ரொம்ப ஸ்லோவா போகுது, சிஸ்டர கூப்பிடவா?"

"வேணாம், மெதுவாவே முடியட்டும்."

இன்னும் கொஞ்ச நேரம் பக்கத்துல இருக்கலாம்ல!

3, 4 வாரத்துக்கு ஒருதடவை ரத்தம் ஏத்தியே ஆகணும், ஏத்த ஏத்த உடம்புல இரும்பு சேந்து ஹார்ட்டு லிவரெல்லாம் கெடும், அதுக்கு தினமும் மாத்திரை. "இந்தப் பையன் மெசேஜ் பண்ணி கேக்க ஆரம்பிச்சப்புறம்தாங்க ஒழுங்கா போடுறா"ன்னு அவங்கம்மா சிரிச்சாங்க.

நோய் இருக்க புள்ளைங்களுக்கு எதுக்கு இதெல்லாம்னு ஒருத்தர் முணுமுணுத்தாரு, அப்படி கோவம் வந்துச்சு எனக்கு. அந்த வயசு இவங்களுக்கும் வரும்தானே?

கோடைல ரத்தம் கிடைக்கிறது கஷ்டம். ஆம்பளைங்க 3 மாசத்துக்கு ஒருதடவை, பொம்பளைங்க 4 மாசத்துக்கு ஒருதடவை குடுக்கலாம், ப்ளீஸ் குடுங்க.