டிரான்ஸ்ஃபார்மர் எத்தனை ஆம்பியர்?

நம்ம ஊரில் அசெம்பிள்டு ஆம்ப் கட்டித் தரும் கடையில் போய் "அண்ணே, ஒரு 5.1 செட் வேணும்" என்று கேட்டுப் பாருங்கள். அவர் வாட்ஸ் பேச மாட்டார். பாக்ஸில் எத்தனை இன்ச் ஸ்பீக்கர், எத்தனை ஓம் என்று கேட்டுவிட்டு, அடுத்த கேள்வியே டிரான்ஸ்ஃபார்மர்தான். "24-0-24, அஞ்சு ஆம்ப் போதுமா, பத்து போட்டுடவா?" போர்டு, 5200-1943 டிரான்சிஸ்டர், ஹீட் சிங்க் எல்லாம் அப்புறம். கரண்ட் எங்கிருந்து வருகிறதோ அங்கேதான் சத்தமும் இருக்கிறது என்பது அவருக்கு அனுபவத்தில் தெரியும். பெரிய கம்பெனி ஏவி ரிசீவர்களின் (டிவி, பிளேயர் சிக்னலை வாங்கிப் பிரித்து, எல்லா ஸ்பீக்கரையும் ஓட்டும் ஒரே பெட்டி) பிரோஷரில் டால்பி, டிடிஎஸ், எச்டிஎம்ஐ, 8கே என்று எல்லாம் இருக்கும், இந்த ஒரு விவரத்தைத் தேடினாலும் கிடைக்காது. ரிசீவரை வைத்துக்கொண்டே தனியாகப் பவர் ஆம்ப் சேர்த்ததைப் பற்றி நண்பர்கள் சிலர் எழுதச் சொன்னார்கள். எனக்கு அந்த விஷயமே இந்தக் கேள்வியில்தான் ஆரம்பிக்கிறது.

டெனான் ஏவிஆர்-எக்ஸ்3800எச் பலருக்கும் தெரிந்த மாடல், அதையே எடுத்துக்கொள்வோம். உள்ளே 9 சேனல் ஆம்ப், சேனலுக்கு 105 வாட். அந்த 105-க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்: 8 ஓம், 20 ஹெர்ட்ஸிலிருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரை, 0.05% டிஸ்டார்ஷன் (ஒலிச் சிதைவு), 2 சேனல் மட்டும் ஓடும்போது. இது நேர்மையான எண். ஆம்ப் வாட்ஸை இஷ்டத்துக்கு ஏற்றிச் சொல்வதைக் கட்டுப்படுத்த அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 1974-இல் விதி கொண்டுவந்தது, எத்தனை ஓம், எந்த அலைவரிசை, எவ்வளவு டிஸ்டார்ஷன் என்று சேர்த்தே சொல்ல வேண்டும் என்று. அதே ரிசீவருக்கு 180 வாட் என்றும் ஓர் எண் உண்டு. அது 6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10% டிஸ்டார்ஷன், ஒரே ஒரு சேனல். தொண்ணூறுகளில் டூ-இன்-ஒன் ரேடியோ-டேப் மேல் ஒட்டியிருந்த பிஎம்பிஓ என்ற ஊதிப் பெருக்கிய வாட் ஸ்டிக்கரைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த இரண்டு எண்ணில் எதை நம்ப வேண்டும் என்று சொல்லித்தரத் தேவையில்லை.

105-ஐ 9-ஆல் பெருக்கினால் 945 வாட். ரிசீவரின் பின்னால் ஒட்டியிருக்கும் மின் நுகர்வு லேபிளைப் பாருங்கள், இந்த விலையில் பல ரிசீவர்களில் 600, 700 என்றுதான் இருக்கும். அந்த லேபிள் உச்சபட்ச அளவைக் காட்டுவதில்லை என்பது சரிதான், ஆனாலும் அத்தனை சேனலும் ஒரே டிரான்ஸ்ஃபார்மரிலிருந்துதான் குடிக்கின்றன என்பது அதிலேயே தெரிந்துவிடும். 2014-இல் டால்பி அட்மாஸ் வீட்டுக்கு வந்ததிலிருந்து கூரைக்கும் ஸ்பீக்கர் வேண்டியதாகி, ஐந்தும் ஏழுமாக இருந்த சேனல்கள் ஒன்பது, பதினொன்று என்று போயின. பெட்டியின் அளவு அதே அளவுதான், டிவி ஸ்டாண்டுக்குள் நுழைந்தாக வேண்டுமே.

சரி, நமக்கு உண்மையில் எத்தனை வாட் வேண்டும்? இதைக் கணக்குப் போடாமல் யாரும் ஆம்ப் வாங்கக் கூடாது. என் முன் ஸ்பீக்கர் கெஃப் க்யூ350. சென்சிடிவிட்டி 87 டெசிபல், அதாவது 2.83 வோல்ட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபல். 8 ஓம் ஸ்பீக்கரில் 2.83 வோல்ட் என்பது ஒரு வாட். என் சோபா சுமார் 3 மீட்டர் தள்ளி இருக்கிறது. திறந்தவெளிக் கணக்குப்படி 3 மீட்டரில் 9.5 டெசிபல் குறையும், மிச்சம் 77.5. சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி கொஞ்சம் திருப்பித் தரும், அதற்கு 3 டெசிபல் சேர்த்துக்கொண்டால் ஒரு வாட்டுக்கு 80 என்று வைத்துக்கொள்ளலாம். தியேட்டர் அளவான ரெஃபரன்ஸ் லெவலில் ஒரு சேனலின் உச்சம் 105 டெசிபல். 80-இலிருந்து 105-க்குப் போக 25 டெசிபல் வேண்டும், வாட் இரண்டு மடங்கானால் கிடைப்பது வெறும் 3 டெசிபல், பத்து மடங்கானால்தான் 10. ஆக 300 வாட்டுக்கு மேல் போகிறது. ஆனால் அடுக்குமாடி வீட்டில் யார் அந்த அளவில் கேட்கிறார்கள்? வால்யூம் மைனஸ் பத்தில், அதாவது ரெஃபரன்ஸுக்கு 10 டெசிபல் கீழே வைத்தால் உச்சம் 95, அதற்கு 30 வாட்டுக்குச் சற்று மேல், சுவரின் உதவியைக் கழித்துவிட்டால் 55 வாட் வரை.

30, 55 வாட்தானே, 105 இருக்கிறதே என்று தோன்றும். எனக்கும் இந்த இடத்தில்தான் விஷயம் சுவாரசியமாகிறது. அந்தக் கணக்கு ஸ்பீக்கரை 8 ஓம் ரெசிஸ்டராக நினைத்துப் போட்டது. க்யூ350-இன் ஸ்பெக்கிலேயே 8 ஓம் என்று எழுதிப் பக்கத்தில் குறைந்தபட்சம் 3.7 ஓம் என்று போட்டிருக்கிறார்கள். இம்பீடன்ஸ், அதாவது ஸ்பீக்கர் கரண்டுக்குக் காட்டும் தடை, அதிர்வெண்ணுக்கு ஏற்ப ஏறி இறங்கும் சமாச்சாரம். 100 வாட்டுக்கான 28.3 வோல்ட்டை 8 ஓமில் கொடுத்தால் மூன்றரை ஆம்பியர் போதும், அதே வோல்ட் 3.7 ஓம் விழும் இடத்தில் ஏழரை ஆம்பியருக்கு மேல் கேட்கும். இப்போது ஒரு சண்டைக் காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். இடம், வலம், சென்டர் மூன்றும் ஒரே நேரத்தில் உச்சத்துக்குப் போகின்றன, பின்னாலும் மேலேயும் இருக்கும் சேனல்களும் சும்மா இல்லை, டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றே ஒன்று. மின்னழுத்தம் சரியும், அலையின் தலை தட்டையாகும். வெடிச் சத்தத்தில் அது தெரியாது. அதே நொடியில் சென்டரில் யாராவது பேசினால் அந்தக் குரல்தான் கரகரக்கும். என் பழைய அமைப்பில் இதுதான் நடந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் சத்தமாக ஓடினால் ரிசீவரின் மேல்மூடியில் கை வைக்க முடியாது. சில ரிசீவர்களில் 4 ஓம் என்று மெனுவில் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அது பொதுவாக உள்ளே வோல்ட்டைக் குறைத்துச் சூட்டைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு, சக்தி கூடாது.

ஆக, வெளியே ஆம்ப் வைப்பதில் கிடைக்கும் பெரிய லாபம் முன்னால் இருக்கும் மூன்று ஸ்பீக்கருக்கும் தனி பவர் சப்ளை. ரிசீவரின் டிரான்ஸ்ஃபார்மர் மிச்ச ஸ்பீக்கர்களை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும் என்பது கூடுதல் லாபம்.

இதற்கு முதல் தேவை ப்ரீ-அவுட், அதாவது வெளி ஆம்புக்குச் சிக்னல் எடுத்துக்கொடுக்கும் சாக்கெட். எல்லா ரிசீவரிலும் கிடையாது. டெனானில் எக்ஸ்2800எச் வரை சப்வூஃபருக்கும் இரண்டாவது அறைக்கும்தான் உண்டு, எல்லாச் சேனலுக்கும் வேண்டுமென்றால் எக்ஸ்3800எச்-க்கு வர வேண்டும். வாங்கும்போதே பின்பக்கப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், விற்பவர் சொல்வதை நம்ப வேண்டாம். அடுத்தது பலர் கவனிக்காதது. ப்ரீ-அவுட்டில் கேபிள் செருகினாலும் ரிசீவரின் உள் ஆம்ப் சிக்னல் வாங்கிக்கொண்டேதான் இருக்கும், ஸ்பீக்கர் இல்லாமல். ப்ரீ-அவுட் சுமார் ஒன்றரை வோல்ட்டை நெருங்கும்போது அந்த உள் ஆம்ப் தன் எல்லையை முட்டும், அந்தக் குழப்பம் ப்ரீ-அவுட்டிலும் கலக்கும். எக்ஸ்3800எச் போன்றவற்றில் ப்ரீ-ஆம்ப் மோட் என்று வைத்திருப்பது இதற்காகத்தான், உள் ஆம்பைக் கழற்றிவிடும். அந்த வசதி இல்லாத ரிசீவர் என்றால் ஆம்பின் கெய்ன், அதாவது வரும் சிக்னலை அது எவ்வளவு பெருக்குகிறது என்பது முக்கியம். 29 டெசிபல் கெய்ன் உள்ள ஆம்புக்கு 1 வோல்ட் கொடுத்தாலே 8 ஓமில் 100 வாட் வந்துவிடும். 26 டெசிபல் என்றால் 1.4 வோல்ட் வேண்டும். அதற்கும் குறைந்த கெய்ன் உள்ளதை, குறிப்பாக எக்ஸ்எல்ஆர் பேலன்ஸ்டு இன்புட்டை (ஸ்டுடியோ வகை மூன்று பின் இணைப்பு) நம்பி வடிவமைத்ததைச் சாதாரண ரிசீவரோடு சேர்த்தால் ஆம்பின் முழு சக்தி வெளியே வராது. வாட்ஸைப் பார்த்து வாங்குபவர்கள் இந்த ஓர் எண்ணையும் பார்த்துவிட்டு வாங்கினால் பாதி ஏமாற்றம் தவிரும்.

அதிகம் சூடாகும் கிளாஸ் ஏபியா, குறைவாகச் சூடாகும் கிளாஸ் டியா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. என் முடிவை வெயில் எடுத்தது. சென்னை மே மாதத்தில் டிவி அலமாரிக்குள் ஒரு ஏபி ஆம்பை வைப்பது அலமாரிக்கும் கஷ்டம், மின் கட்டணத்துக்கும் கஷ்டம். எடையும் கொஞ்சநஞ்சமில்லை, யமஹாவின் 11 சேனல் எம்எக்ஸ்-ஏ5200 மட்டும் 25 கிலோவுக்கு மேல், கீழ்த்தட்டு வளையும். நான் எடுத்தது நெதர்லாந்தின் ஹைபெக்ஸ் கம்பெனி என்சி252எம்பி மாட்யூல் வைத்துக் கட்டிய கிளாஸ் டி ஆம்ப். ஒரு மாட்யூலில் இரண்டு சேனல், அதற்கென்று சொந்த பவர் சப்ளை, 8 ஓமில் 150 வாட், 4 ஓமில் 250 வாட். இரண்டு மாட்யூல் போட்ட நாலு சேனல் பெட்டி, மூன்றைப் பயன்படுத்துகிறேன், நாலாவது சும்மா இருக்கிறது. 105-இலிருந்து 150 என்பது வெறும் ஒன்றரை டெசிபல், காதுக்குப் பெரிதாகத் தெரியாது. இம்பீடன்ஸ் இறங்கும் இடத்தில் சக்தி ஏறுகிறதே, அந்த 250-க்காகத்தான் வாங்கினேன்.

கேட்டதைச் சொல்கிறேன். ராத்திரி மெல்ல வைத்துப் பார்க்கும் சீரியலிலும் செய்தியிலும் வித்தியாசம் எதுவும் இல்லை. டெஸ்ட் டோன் வைத்து லெவலைச் சமமாக்கிக்கொண்டு, நான் பார்க்காதபோது தம்பியைக் கேபிள் மாற்றச் சொல்லியும் கேட்டேன், சாதாரண அளவில் எது எது என்று எனக்குப் பிடிபடவில்லை. மைனஸ் பத்துக்கு மேலே ஏற்றியபோது பிடிபட்டது. நாயனமும் தவிலும் சேர்ந்து உச்சத்துக்குப் போகும் ஒரு கச்சேரிப் பதிவு என்னிடம் உண்டு. தவிலின் வலந்தலையில் விழும் ஒவ்வொரு அடியும் முன்பு நாயனத்தோடு ஒட்டிக்கொண்டு ஒரே இரைச்சலாக வரும், இப்போது அடி தனியாக விழுந்து தனியாக அடங்குகிறது, நாயனம் அதன் மேல் கூர்மையாக நிற்கிறது. படங்களில் குரல் கரகரப்பது போய்விட்டது. வால்யூமைக் கூட்டிக் கூட்டிக் குறைக்கும் பழக்கமும் வீட்டில் நின்றுவிட்டது, அம்மாவே ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுப் பார்க்கிறார். ரிசீவர் இப்போது வெதுவெதுப்போடு சரி.

முதலில் சப்வூஃபர் இல்லாதவர்கள் இதற்குள் வரவே வேண்டாம். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதைச் சொந்த ஆம்ப் உள்ள சப்வூஃபருக்குத் தள்ளிவிட்டாலே ரிசீவரின் பாரம் நிறைய இறங்கிவிடும். 92, 93 டெசிபல் சென்சிடிவிட்டி ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கும் அவசியம் குறைவு, மேலே போட்ட கணக்கை அவர்கள் எண்ணை வைத்துப் போட்டாலே தெரியும். ரிசீவரின் மிச்சச் சேனல்களை வைத்து பை-ஆம்ப் (ஒரே ஸ்பீக்கரை இரண்டு சேனலால் ஓட்டுவது) பண்ணலாமே என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அதுவும் அதே டிரான்ஸ்ஃபார்மர்தான்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை சில. ஆம்ப் சேர்த்த பிறகு ஆடிசியை (மைக் வைத்து அளந்து ஸ்பீக்கர் லெவலைச் சரிசெய்யும் ரிசீவர் வசதி) மறுபடி முழுசாக ஓட்டியே ஆக வேண்டும், ஏனென்றால் புதிய கெய்ன் வேறு. ஓட்டி முடித்ததும் லெவல் பக்கத்தில் முன் சேனல்கள் மைனஸ் 12-இல் போய் முட்டி நிற்கிறதா என்று பாருங்கள், அதுதான் எல்லை, அதற்குக் கீழே அதனால் இறக்க முடியாது என்பதால் அந்த அளவு சரியாக இருக்காது. ஆம்பில் கெய்ன் குமிழ் இருந்தால் குறைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். 12 வோல்ட் டிரிக்கர் கேபிள் ஒன்று வாங்கிவிடுங்கள், ரிசீவர் ஆன் ஆனால் ஆம்பும் ஆன் ஆகும், வீட்டில் மற்றவர்கள் யாரும் இரண்டு சுவிட்ச் போட மாட்டார்கள். பெரிய டொராய்டு (வளைய வடிவ) டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஏபி ஆம்ப் என்றால் ஆன் செய்யும் நொடியில் இழுக்கும் கரண்டுக்கு எம்சிபி விழக்கூடும், கரண்டை மெல்ல ஏற்றும் சாஃப்ட் ஸ்டார்ட் இருக்கிறதா என்று கேட்டு வாங்கி, 16 ஆம்பியர் பாயிண்டில் போடுங்கள். கரண்ட் போனால் ஓடும் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஆம்பைச் சேர்க்காதீர்கள், எலக்ட்ரீஷியனிடம் சொல்லி அந்த பாயிண்டை இன்வெர்ட்டர் லைனிலிருந்து பிரித்துவிடச் சொல்லுங்கள்.

ஸ்பீக்கரில் 'ம்ம்' என்று ஹம் வந்தால் பதற வேண்டாம். ஆம்ப், ரிசீவர் இரண்டையும் ஒரே எர்த் உள்ள ஒரே ஸ்பைக் பஸ்டரில் போட்டுவிட்டு, செட்-டாப் பாக்ஸுக்கு வரும் டிஷ் கேபிளை மட்டும் கழற்றிப் பாருங்கள். அதில் நின்றுவிட்டால் மொட்டை மாடியிலிருந்து அந்த கேபிளின் உறை வழியாக இன்னொரு எர்த் வீட்டுக்குள் வருகிறது என்று அர்த்தம், கோஆக்சியல் கேபிளுக்கான ஐசொலேட்டர் போட்டால் தீரும், டிஷ்ஷுக்கு என்றால் அதன் முனையில் சிக்னல் வாங்கும் எல்என்பிக்குப் போகும் கரண்டை விடும் வகைதானா என்று கேட்டு வாங்க வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் ஆம்பின் மூன்றாவது பின்னைக் கழற்றி எர்த்தை வெட்டிவிடாதீர்கள், யார் சொன்னாலும் சரி. உலோகப் பெட்டி, உள்ளே 230 வோல்ட், வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.