ஆம் / இல்லை

புது வேலைக்கான படிவத்தை மடமடவென்று நிரப்பிக்கொண்டே வந்தேன். ரத்த வகை, பான் எண், அவசரத்துக்கு அக்காவின் கைபேசி எண்.

அடுத்து, 'மாற்றுத்திறனாளியா? ஆம் / இல்லை.'

கை நின்றுவிட்டது.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. அரசு வேலையில் இடஒதுக்கீடுகூட இருக்கிறது. காகிதத்தில் எல்லாம் சரிதான்.

முன்பு ஒரு நண்பரிடம் எனக்கு ஆட்டிசம் என்று சொன்னபோது, "சேச்சே, உன்னைப் பார்த்தா அப்படித் தெரியலையே" என்றார். பாராட்டுவதாகத்தான் நினைத்திருப்பார், பாவம். அப்படித் தெரியாமல் இருக்க நான் படும் பாடு அவருக்கு எப்படித் தெரியும்? கண்ணைப் பார்த்துப் பேசு, எல்லோரும் சிரிக்கும்போது சிரி, மிக்ஸி சத்தத்துக்குக் காதைப் பொத்தாதே. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் விளக்குப் போடக்கூடத் தெம்பு இருக்காது.

அம்மாவின் கவலை வேறு. "தங்கச்சி கல்யாணம் முடியட்டும்டா, அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாதே."

அந்தப் பயத்தைத் தப்பென்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஊர் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் ஆட்டிசத்தைச் சின்னப் பிள்ளைகளின் விஷயமாகவே எல்லோரும் பேசுகிறோம். அந்தப் பிள்ளைகளும் வளர்ந்து வேலைக்குத்தானே வருவார்கள்?

இப்போதைக்கு 'இல்லை' என்று போட்டிருக்கிறேன். திங்கட்கிழமை டீம் லீடரிடம் இரண்டு விஷயம் கேட்கப்போகிறேன்: ஓரமாக ஓர் இருக்கை, வேலையை வாயால் சொல்லாமல் மெயிலில் அனுப்புவது. ஏன் என்று கேட்டால், ஆளைப் பார்த்துவிட்டுச் சொல்லலாம்.