தழும்பு பெரிசா இருக்குமா மிஸி?

கோலாலம்பூரில் குழந்தைகளுக்கான ஆபரேஷன் தியேட்டரில் தாதியாக இருக்கிறேன். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைச்சுவரான உதரவிதானத்தில் ஓட்டையோடு குழந்தை பிறந்தால் குடும்பத்தார் கேட்பது இரண்டுதான். "ஏன் மிஸி இன்னும் ஆபரேஷன் பண்ணல?" "தழும்பு பெரிசா இருக்குமா?" பெண் குழந்தை என்றால் பாட்டிமார் இரண்டாவதைத்தான் முதலில் கேட்பார்கள்.

ஏறக்குறைய 2500 முதல் 3000 பிறப்புகளில் ஒரு குழந்தைக்கு இது வருகிறது. பெரும்பாலும் இடப்பக்கம். கருவிலேயே மூட வேண்டிய தசைச்சுவர் மூடாமல் போக, குடலும் சில சமயம் இரைப்பையும் மண்ணீரலும் நெஞ்சுக்குள் ஏறி உட்கார்ந்துவிடும். நுரையீரல் வளர இடம் கிடைக்காது. பிறக்கும்போதே வயிறு ஒட்டியிருக்கும், இதயத் துடிப்பு வலப்பக்கம் கேட்கும்.

ஓட்டையை இன்றே தைத்தாலும் நுரையீரல் நாளைக்கே வளர்ந்துவிடாது. அதனால்தான் அவசரப்படுவதில்லை. முன்பெல்லாம் பிறந்த கையோடு தியேட்டருக்குக் கொண்டு ஓடுவார்கள். இப்போது மூச்சும் நுரையீரல் ரத்தக்குழாய்களின் அழுத்தமும் ஓரளவு அடங்கும்வரை பொறுக்கிறார்கள். அந்த நாட்களில் பத்துமலைக்குப் பால்குடம் நேர்ந்துகொள்ளாத வீடு குறைவு.

சரி, பெரிதாகக் கீறாமல் சின்னத் துளைகள் வழியாகச் செய்யும் ஆபரேஷனுக்கு வருவோம். குழந்தையை வலப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, இடது விலாவில் மூன்று துளைகள் போடுவார்கள். ஒன்றில் கேமரா, மற்றவற்றில் 3 மில்லிமீட்டர் கருவிகள். மெதுவாக கார்பன் டை ஆக்சைடு செலுத்தினால் குடல் தானாகவே கீழே நழுவ ஆரம்பிக்கும். திரையில் அதைப் பார்க்க எனக்கு இன்றும் அலுக்கவில்லை. மண்ணீரல்தான் வம்பு, லேசாகக் கிள்ளினாலே ரத்தம் கசியும். அதை வயிற்றுக்குள் அனுப்பும்போது தியேட்டரில் யாரும் பேச மாட்டார்கள். பிறகு கரையாத நூலில் தையல். உதரவிதான ஓட்டை பெரிது என்றால் கோர்-டெக்ஸ் என்ற செயற்கைத் துண்டால் ஒட்டு.

ஆனால் அந்த வாயு ரத்தத்தில் கலக்கும். மயக்க மருந்து டாக்டரின் கண் மானிட்டரை விட்டு நகராது. நுரையீரல் பலவீனமான குழந்தைக்கு இது ஒத்துவராது; பாதியில் நிறுத்திவிட்டு, விலாவுக்குக் கீழே கீறித் திறப்பதும் உண்டு. அதைத் தோல்வி என்று யாரும் எண்ண வேண்டாம். இன்னொன்று, துளை வழியாகச் செய்தால் ஹெர்னியா, அதாவது குடல் நெஞ்சுக்குள் ஏறுவது, திரும்ப வரும் வாய்ப்பு திறந்து செய்வதைவிட அதிகம் என்று ஆய்வுகள் சொல்கின்றன.

அதனால் தழும்பைப் பற்றிக் கேட்கிறவர்களிடம், "டாக்டரிடம் இதையும் கேளுங்கள்" என்பேன். என் பிள்ளையின் நுரையீரல் இந்த வாயுவைத் தாங்குமா? ஒட்டு வைக்க வேண்டி வருமா? அப்புறம், கிளினிக் தேதியைத் தவற விடாதீர்கள். பிள்ளை நன்றாக ஓடியாடுகிறதே என்று வராமலே இருந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஹெர்னியா திரும்பியிருந்தால் சில நேரம் எக்ஸ்ரேயில்தான் தெரியும். பால் கக்குகிறதா, எடை ஏறுகிறதா என்றும் பார்ப்பார்கள். காதையும் சோதிப்பார்கள், இந்தக் குழந்தைகளில் சிலருக்குக் கேட்கும் திறன் பிறகு குறையலாம்.