குத்தகையைவிடக் குறைந்த தவணை: அயர்லாந்தில் ஜமீன் நிலம் கைமாறிய கணக்கு

ஜமீன் ஒழிப்பு என்றால் நம் பக்கத்தில் 1948-ஆம் வருடத்துச் சட்டம்தான். சர்க்கார் ஜமீனை எடுத்துக்கொண்டது, ஜமீன்தாருக்கு நஷ்டஈடு கொடுத்தது, குடியானவன் பேருக்கு ரயத்துவாரி பட்டா (சர்க்காருக்கு நேராக வரி கட்டும் உரிமை) வந்தது. அயர்லாந்திலும் ஜமீன் ஒழிந்தது. ஆனால் அங்கே குடியானவன் நிலத்தைக் காசு கொடுத்து வாங்கினான், அதுவும் சர்க்கார் கடனில். அந்தக் கடனை எப்படி அமைத்தார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

1870-ல் அயர்லாந்தில் நூறு பண்ணைகளில் ஏறக்குறைய மூன்றுதான் உழுபவனுக்குச் சொந்தம். 1845-49 உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் கடனில் மூழ்கிய எஸ்டேட்டுகளை விற்க 1849-ல் ஒரு சட்டம் வந்தது. வாங்கியவர்கள் லாபம் பார்க்க வந்தவர்கள்; குத்தகைதான் ஏறியது. 1879-ல் மைக்கேல் டேவிட், பார்னெல் முதலியோரின் நிலக் கழகம் கிளம்பியது. அடுத்த வருடமே மேயோ மாவட்டத்தில் கேப்டன் பாய்காட் என்ற எஸ்டேட் ஏஜெண்டை ஊரே ஒதுக்கிவைத்தது. அவர் பெயரே 'பாய்காட்' என்ற சொல்லாகிவிட்டது.

1881 சட்டம் குத்தகையைக் கோர்ட் மூலம் 15 வருடத்துக்கு நிர்ணயித்தது. குத்தகை ஒழுங்காகக் கட்டினால் வெளியேற்ற முடியாது. தன் உரிமையை இன்னொருவனுக்கு விற்கவும் செய்யலாம். நம்மூர்ப் பேச்சில் சொன்னால் குடிவாரம், அதாவது உழுபவனின் உரிமை, கெட்டிப்பட்டது. மேல்வாரத்தை, அதாவது நிலப்பிரபுவின் பங்கை, வாங்குவதுதான் பாக்கி.

வாங்கவைக்கும் முயற்சிகள் முதலில் தோற்றன. 1870 சட்டம் விலையில் மூன்றில் இரண்டு பங்கு கடன் கொடுத்தது. 35 வருடம், வருடத்துக்கு 5 சதவீதம் கட்ட வேண்டும். வருடக் குத்தகை 10 பவுன், விலை அதைப்போல் 20 மடங்கு, அதாவது 200 பவுன் என்று வையுங்கள் (நகைக்கடைப் பவுன் அல்ல, பிரிட்டிஷ் நாணயம்). கையிலிருந்து சுமார் 67 பவுன் வைக்க வேண்டும், ஏழு வருடக் குத்தகைக்குக் கொஞ்சம்தான் குறைவு. எவனிடம் இருந்தது? வாங்கியவர்கள் ஆயிரம் பேருக்கும் குறைவு. 1881-ல் கடனை முக்கால் பங்காக்கினார்கள். அப்போதும் ஆயிரத்தைத் தொடவில்லை.

1885-ல் ஆஷ்போர்ன் சட்டம் வந்ததும் பூட்டு திறந்தது. முழு விலையும் கடன், 49 வருடம், 4 சதவீதம். அதே 200 பவுனுக்கு வருடம் 8 பவுன். நேற்றுவரை 10 கட்டியவன் இன்று 8 கட்டுகிறான்; கடைசியில் நிலமும் அவனுக்கே. ஒதுக்கிய 50 லட்சம் பவுன் தீர்ந்து, 1888-ல் இன்னொரு 50 லட்சம் கொடுத்தார்கள். சுமார் 25,000 பேர் வாங்கினார்கள்.

இதைப் பெரிய அளவில் ஓடவைத்தது 1903-ன் விண்டம் சட்டம். அதற்கு முந்தைய டிசம்பரில் நிலப்பிரபுக்களின் தரப்பும் குத்தகைதாரர் தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்து சம்மதப்பட்ட அறிக்கையை அடிப்படையாக வைத்து எழுதியது. தவணை 3¼ சதவீதம்: வட்டி 2¾, அசல் கழிய ½. கடன் தீர 68½ வருடம். தவணை பழைய குத்தகையைவிட எவ்வளவு குறைய வேண்டும் என்பதற்குச் சட்டமே வரம்பு கட்டியது. 1881-க்குப் பின் முதல் முறை நிர்ணயித்த குத்தகை என்றால் 20 முதல் 40 சதவீதம். இரண்டாம் முறை நிர்ணயித்தது என்றால் 10 முதல் 30. இந்த வரம்புக்குள் இரு தரப்பும் ஒத்துக்கொண்டால், நிலம் கடனுக்குத் தாங்குமா என்று அதிகாரி வந்து பார்க்கவும் தேவையில்லை.

விலையைத் தவணையிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். குத்தகை 10, குறைப்பு 20 சதவீதம், தவணை 8. எட்டை 0.0325-ஆல் வகுத்தால் 246 பவுன், அதாவது குத்தகைக்கு 24½ மடங்குக்குச் சற்று மேல். நிலப்பிரபுவுக்கு இதற்கு மேல் 12 சதவீதம் சர்க்கார் ஊக்கத்தொகை. ஆக மொத்தம் சுமார் 275. அதை அதே 3¼-க்குப் போட்டால் வருடம் 9 பவுனுக்குச் சற்றுக் குறைவு. பழைய 10 பவுனில் ஏஜெண்ட் சம்பளம், வசூல் செலவு, வராத பாக்கி எல்லாம் போனால் அவர் கையில் நின்றதும் ஏறக்குறைய அவ்வளவுதான். இருவருக்கும் கட்டுபடியானதன் ரகசியம் இந்த 12 சதவீதம். அது பொதுப் பணம். மாளிகையைச் சுற்றிய சொந்தப் பண்ணையையும் விற்று, அதே மலிவுக் கடனில் திரும்ப வாங்கிக்கொள்ள நிலப்பிரபுவுக்கு வழி இருந்தது. இதுதான் சட்டத்தில் மிகக் கெட்டிக்காரத்தனமான பிரிவு என்பேன். அடமானத்தில் இருந்தவர்களுக்கு அது புது முதல்.

சிக்கல் பணத்தைத் திரட்டுவதில் வந்தது. 2¾ சதவீத நிலப் பத்திரம் சந்தையில் முகவிலைக்குக் கீழே போனது. நூறு பவுன் திரட்ட நூற்றுக்கு மேல் பத்திரம் விற்க வேண்டும். நஷ்டம் அயர்லாந்தின் உள்ளூர் வரியில் வந்து விழும். ஒப்பந்தம் கையெழுத்தானவர்கள் வருடக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். நிலம் கைக்கு வராமலே குத்தகைக்குப் பதில் வட்டி கட்டினார்கள். 1909-ல் தவணையை 3½ ஆக்கி, நிலப்பிரபுவுக்கு ரொக்கத்துக்குப் பதில் 3 சதவீதப் பத்திரத்தைக் கொடுத்தார்கள். நிலம் போதாத நெருக்கடிப் பகுதிகளில் நிலத்தைக் கட்டாயமாக எடுக்கவும் அதிகாரம் வந்தது. அயர்லாந்து சுதந்திர அரசு அமைந்த பின் 1923 சட்டம் மிச்சமிருந்த குத்தகை நிலத்தை நிலக் கமிஷனுக்கு மாற்றியது. 1932-ல் அயர்லாந்தின் ஆட்சித் தலைவர் டி வலேரா இந்தத் தவணைகளை லண்டனுக்கு அனுப்ப மறுத்தார். பிரிட்டன் மாட்டுக்குத் தீர்வை போட்டது. 1938-ல் ஒரு கோடி பவுன் மொத்தமாகக் கொடுத்துத் தீர்த்தார்கள். விவசாயி பாதியாகக் குறைத்த தவணையை டப்ளினுக்குக் கட்டிக்கொண்டுதான் இருந்தான்.

இனி நம் பக்கம். பழைய வடஆற்காடு மாவட்டத்தில் பெரும்பகுதி ஆரம்பத்திலேயே ரயத்துவாரி. ஆங்கிலேய அதிகாரி அலெக்சாண்டர் ரீட் 1792-க்குப் பின் பாரமகாலில் (சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம்) அதைத் தொடங்கியபோது தலைமையிடம் திருப்பத்தூர். ஆரணி ஜாகீர் போல ஒருசிலதான் இங்கே. காளகஸ்தி, கார்வேட்டிநகரம், புங்கனூர், கங்குந்தி ஜமீன்கள் எல்லாம் 1911-ல் சித்தூர் மாவட்டத்தோடு போய்விட்டன. 1948 சட்டத்தில் நஷ்டஈடு, எஸ்டேட்டின் வருட வருமானத்தை வைத்துக் கணக்கிட்ட அடிப்படை ஆண்டுத்தொகையைப் போல் 12½ முதல் 30 மடங்கு. சின்ன எஸ்டேட்டுக்கு மடங்கு அதிகம். அதைச் சர்க்கார் கொடுத்தது. ரயத்து நிலவரிக் கிஸ்தி கட்டினானே தவிர, கிரயத் தவணை கட்டவில்லை. தன் சொந்தப் பண்ணை நிலத்துக்கு ஜமீன்தாரே ரயத்துவாரி பட்டா கேட்கலாம் என்று 12-ஆம் பிரிவு சொன்னது. அதனால் 'இது பண்ணையா, ரயத்து நிலமா' என்ற வழக்குதான் செட்டில்மெண்ட் அதிகாரிகள் முன் குவிந்தது.

அயர்லாந்தில் அதே சண்டை புல்வெளியில் நடந்தது. மேய்ச்சல் நிலத்தை 11 மாதத்துக்கு மட்டும் விடுவார்கள். நம்மூர் வீட்டு வாடகை ஒப்பந்தம் போலவே, சட்டப்படி குத்தகைதாரன் ஆகாமல் இருக்க. அதனால் அந்த நிலம் விற்பனைக்கு வரவில்லை. 1906 முதல் 1909 வரை இரவில் மாடுகளை விரட்டி ஓட்டும் கிளர்ச்சி நடந்தது. முன்னின்றவர் லாரன்ஸ் கின்னல் என்ற எம்.பி. கூலியாட்களுக்குக் கிடைத்தது வேறு சட்டங்களின் கீழ் ஒரு குடிசையும் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் துண்டும்தான்.

அயர்லாந்தில் வாங்கிய நிலத்தைப் பங்கு போடுவதும் எளிதாக இல்லை. 1891 சட்டப்படி இப்படி வாங்கிய நிலத்தின் உரிமையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டியிருந்தது. தவணை நிற்கும்வரை நிலக் கமிஷன் ஒப்புதல் இல்லாமல் கூறுபோட முடியாமல் இருந்தது. இங்கே பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து உட்பிரிவுக்கு மனு போட்டால் சர்வேயர் வருவார். 112/3 என்றிருந்த எண் 3ஏ, 3பி என்று பிரியும். அங்கே பண்ணை ஒரு மகனுக்குப் போனது. மற்றவர்கள் பெரும்பாலும் கப்பல் ஏறினார்கள்.