பாதி ரோட்டில் பத்து மாதம்

மலேசியாவின் சிலாங்கூரில் இருக்கும் இந்த ஊரின் பெயர்ப்பலகையில் பெஸ்தாரி ஜெயா என்றிருக்கும். 2007இல் வைத்த பெயர். நம் ஆட்கள் வாயில் அது இன்றும் பத்தாங் பெர்ஜுந்தைதான். ஊரைச் சுற்றிச் செம்பனை. மலாயாவில் வணிகத்துக்காக முதன்முதலில் செம்பனை நட்டது இந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில்தான். 1917இல், ஆன்ரி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் நட்டார். அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம். தமிழ்ப் பெயர். சின்ன வயதில் அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் இந்த வட்டாரத்தில் ஒரு ரோடு வேலையில் பத்து மாதம் சேஃப்டி சூப்பர்வைசராக இருந்தேன். தோட்டத்து லயங்களை விட்டு வந்த குடும்பங்கள் குடியிருக்கும் தாமான் அது. இரண்டு வரிசை மலிவு விலை வீடுகள், ஒரு தமிழ்ப்பள்ளி, ஒரு மாரியம்மன் கோயில், நாலைந்து கடைகள். எல்லாவற்றுக்கும் அந்த ஒரே ரோடு.

ரோடு கெட்டதற்குக் காரணம் மேலே ஓடிய லோரிகள் மட்டுமல்ல, கீழே கிடந்த மண்ணும்தான். இந்தப் பகுதியில் பல இடங்களில் கரிச் சதுப்பு மண். மலாய்க்காரர்கள் காம்புட் என்பார்கள். தண்ணீர் வடிய வடிய அது சுருங்கி இறங்கும், ஆனால் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இறங்காது. அதன்மேல் போட்ட ரோடு அலை அலையாகிவிடும். மேலே பிரிமிக்ஸ் என்ற தார்க் கலவையை ஊற்றி ஒட்டுப்போட்டுப் பயனில்லை. தோண்டி எடுத்து, புதிதாகக் கல் நிரப்பி, லோங்காங் என்னும் ரோட்டோர வடிகாலையும் ஆழப்படுத்த வேண்டியிருந்தது. மாற்று வழி இல்லாததால் பாதி ரோட்டை மூடி, பாதியைத் திறந்துவிட்டு வேலை.

வேலையிடத்துப் போக்குவரத்துக்குப் பொதுப்பணித் துறையின் கையேடு இருக்கிறது. அராஹான் தெக்னிக் 2சி/85. எந்தத் தூரத்தில் எந்தப் பலகை, கூம்புகளை எப்படிச் சாய்வாக வைப்பது, எல்லாம் அதில் உண்டு. ஆரஞ்சுப் பலகையில் கறுப்பு எழுத்து. நான் மதிக்கும் கையேடு அது. அதன்படி வரைந்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு முதல் வாரம் நிம்மதியாகவே இருந்தேன்.

அந்த நிம்மதியைக் கலைத்தவர் பூக்கூடையோடு வந்த ஒரு பாட்டி. மாலை ஐந்தரைக்குக் கோயிலுக்குப் போவார். நடைபாதையை எதிர்ப்பக்கம் மாற்றி, நாடா கட்டி, பலகையும் வைத்திருந்தோம். அவர் நாடாவைத் தூக்கிக் குனிந்து நுழைந்து பழைய வழியிலேயே பள்ளத்தின் விளிம்பில் நடந்தார். பதறிக் கத்திவிட்டேன்.

"ஏன் தம்பி கத்துற? நான் கண்ண மூடிக்கிட்டே கோயிலுக்குப் போவேன்" என்றார்.

அன்று இரவு அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது உண்மை. அவர் நடந்தது தோண்டிப்போட்ட ரோட்டில் அல்ல, முப்பது வருடமாகக் கால் பழகிய ரோட்டில். குடியிருப்பவர் பலகையைப் பார்ப்பதில்லை. தன் ஊரில் எதைப் படிக்க வேண்டும்? வெளியூரிலிருந்து வருபவருக்கோ பலகையையும் விளக்கையும் தவிர வேறு துணையே கிடையாது. ஒருவருக்கு ரோடு அளவுக்கு மேல் தெரியும், மற்றவருக்குத் தெரியவே தெரியாது. இருவரையும் ஒரே படத்தால் காப்பாற்ற முடியாது என்பது எனக்குப் பாட்டியால்தான் உறைத்தது.

அதன்பிறகு பாட்டியை மாற்றப் பார்க்கவில்லை, பாதையை மாற்றினோம். அவர் கால் போகும் இடத்திலேயே பள்ளத்தின் குறுக்கே தடித்த பலகைப் பாலம், இரண்டு பக்கமும் கைப்பிடி. கொடி பிடிக்கும் வங்காளதேசத் தம்பிக்கு "நில்லுங்க பாட்டி", "இப்ப போங்க" என்ற இரண்டையும் சொல்லிக்கொடுத்தேன். மலாயில் 'துங்கு', அதாவது பொறு, என்று அவன் கூவியபோது திரும்பாதவர்கள், பாட்டி என்றதும் நின்றார்கள்.

பிறகு ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். வீட்டு எண், அதில் யார் யார், எந்த நேரத்தில் வெளியே வருவார்கள். ஒரு வீட்டில் பார்வை குறைந்த பெரியவர். ஒரு வீட்டில் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் போகும் அக்கா. வேன் வாசல்வரை வந்தாக வேண்டும். அந்த வாசல் முன்னால் தோண்டுவதை டயாலிசிஸ் இல்லாத நாளுக்குத் தள்ளினோம். இன்னொரு வீட்டில் இரவு வேலை முடிந்து காலை ஏழரைக்கு மோட்டார் சைக்கிளில் அரைத்தூக்கத்தோடு திரும்பும் பையன். பள்ளத்தை மூடிய இரும்புத் தகடு மழையில் சோப்புப் போல வழுக்கும். இந்த நாட்டில் சாலை விபத்தில் இறப்பவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் மோட்டாரில் போனவர்கள். அந்தத் தகடுகளைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கணக்குத்தான் எனக்கு நினைவு வரும். தகடுகளின்மேல் சொரசொரப்பு ஒட்டவைக்கக் கேட்டு, மூன்றாம் முறைதான் கிடைத்தது.

பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் வரும் நேரமும் விடும் நேரமும் லோரி ஓடக்கூடாது என்று கேட்டதற்குத் தள மேலாளர் தயங்கினார். தலைமையாசிரியையையும் அவரையும் அழைத்துப்போய், நிறுத்தியிருந்த கல் லோரியில் ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் பின் ஒருவராக ஏறி உட்காரச் சொன்னேன். சாவி என் பையில். பின்னால் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் ஆறு பேரை நிற்கவைத்தேன். இரண்டு கண்ணாடியிலும் ஒரு பிள்ளைகூடத் தெரியவில்லை. மேலாளர் இறங்கிவந்து பிள்ளைகளைப் பார்த்தார், மறுபடி ஏறிக் கண்ணாடியைப் பார்த்தார். மறுநாளிலிருந்து அந்த இரண்டு நேரமும் லோரி நின்றது. செம்பனைக் குலை ஏற்றும் லோரிகளை மட்டும் நிறுத்த முடியாது. வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போகாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். தோட்ட நிர்வாகத்திடம் பேசி, அவற்றைத் தோட்டத்துச் செம்மண் வழியில் திருப்பிவிட்டோம்.

கொசுவையும் நாங்கள்தான் பார்க்க வேண்டியிருந்தது. தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் தடுப்புகளின் மூடி போனால் உள்ளே ஏடிஸ் முட்டையிடும். வாரம் ஒருமுறை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து அபேட் என்ற கொசுப்புழு மருந்து போட்டோம். எங்கள் தடுப்பால் ஒரு வீட்டுக்கு டிங்கி வந்தால் அதுவும் எங்கள் விபத்துத்தான்.

இத்தனை பார்த்தும் ஐந்தாம் மாதத்தில் தவறவிட்டேன்.

மாலை நான்கு மணிக்கு இரண்டாம் வரிசையில் ஒரு பெரியவர் இறந்துவிட்டார் என்று சொன்னார்கள். பறைச் சத்தம் என் காதிலும் விழுந்தது. வேலையை நிறுத்தி, மரியாதைக்குப் போய் நின்று, ஆறு மணிக்கு வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். துக்க வீடென்றால் கிள்ளானிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் இரவெல்லாம் ஆட்கள் வருவார்கள் என்பது லயத்தில் பிறந்த எனக்குத் தெரியாததா? ஆனால் என் நோட்டில் இருந்தவர்கள் அந்தத் தாமானில் குடியிருந்தவர்கள் மட்டுமே.

பந்தல் போட்டதில் திறந்திருந்த பாதி ரோடும் அடைபட்டுவிட்டது. கார் நிறுத்த இடமில்லாமல் யாரோ இரண்டு தடுப்புகளை நகர்த்தியிருக்கிறார்கள். ஒரு எச்சரிக்கை விளக்கில் மின்கலம் தீர்ந்திருந்தது. இரவு பதினொரு மணிக்கு, இறந்தவரின் தங்கை மகன் கிள்ளானிலிருந்து மோட்டாரில் வந்தவர், அந்த இடைவெளியைத்தான் வழியென்று நினைத்து நுழைந்து நேராகப் பள்ளத்தில் விழுந்தார். கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது. பள்ளத்தில் கம்பி கட்டியிருந்தது பத்தடி தள்ளி. பத்தடி முன்னால் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் அறிக்கையில், 'பொதுமக்கள் தடுப்பை அகற்றியதே காரணம்' என்று எழுதச் சொன்னார்கள். தடுப்பை அகற்றியது உண்மைதான். ஆனால் 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, நம்மிடம் சம்பளம் வாங்காதவர்களின் உயிருக்கும் நம்மைப் பொறுப்பாக்குகிறது. செத்த வீட்டுக்குக் கார் நிறுத்த இடம் தேடியவர்களைக் குற்றவாளியாக்கி எழுத என் கை வரவில்லை. 'தள்ளினால் நகரும் தடுப்பு, திறந்துகிடந்த பள்ளம், எரியாத விளக்கு, மரணச் செய்தி தெரிந்தும் இரவுக் காவல் போடாத சூப்பர்வைசர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வேலை போய்விடும் என்று பயந்தேன். போகவில்லை. சம்பள உயர்வு அந்த வருடம் வரவில்லை.

அதன்பின் அன்று தோண்டியதை அன்றே மூடுவது என்று ஆனது. ஒரே மூச்சில் முப்பது மீட்டர் தோண்டிய இடத்தில் பன்னிரண்டு மீட்டர்தான் தோண்டினோம். வேலை இழுத்தது, குத்தகையாளருக்குக் கோபம். தடுப்புகளைச் சங்கிலியால் பிணைத்தோம். என் கைப்பேசி எண்ணைக் கோயிலிலும் கடைகளிலும் ஒட்டி, கல்யாணம், காதுகுத்து, துக்கம் எதுவானாலும் எந்த நேரமும் கூப்பிடுங்கள் என்று எழுதினேன். கூப்பிட்டார்கள். விடியற்காலை மூன்று மணிக்கும் கூப்பிட்டிருக்கிறார்கள்.

பதினாறாம் நாள் கருமக்கிரியைக்கு மறுபடி உறவுக்கூட்டம் வந்தது. அன்று அந்த வரிசையில் ஒரு பள்ளம்கூடத் திறந்திருக்கவில்லை. பள்ளித் திடலைக் கார் நிறுத்தக் கேட்டு வாங்கியிருந்தோம். முச்சந்தியில் விளக்கோடு இரண்டு பேர் நின்று வழிகாட்டினார்கள். பள்ளத்தில் விழுந்த அந்தத் தம்பியும் கையைத் தொங்குகட்டில் மாட்டியபடி காரில் வந்து இறங்கினார். நான் போய் மன்னிப்புக் கேட்டேன். "சாப்பிட்டீங்களா அண்ணே?" என்று கேட்டு என்னைப் பந்திக்கு அழைத்துப்போனார்.

பத்தாம் மாதம் பிரிமிக்ஸ் போட்டு முடித்ததும் ஆய்வுக்கு வந்தவர்கள் தடிமனையும் மட்டத்தையும் அளந்தார்கள். புதிய லோங்காங் பழையதைவிட இரண்டு மடங்கு ஆழம். வாசலிலிருந்து அதைத் தாண்ட மூடுபலகை குத்தகையில் சில இடங்களுக்குத்தான் இருந்தது. கேட்டுப் போராடியதில் கோயில், பள்ளி, நடமாட முடியாதவர்கள் இருந்த மூன்று வீடுகளுக்குக் கான்கிரீட் மூடி கிடைத்தது. மற்ற வீடுகளுக்கு எங்கள் மரப்பலகைகளையே விட்டுவந்தோம். வழவழப்பான ரோட்டில் மோட்டார்கள் பறக்கத் தொடங்கியிருந்தன. பள்ளி முன்னால் வேகத்தடை கேட்டு ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். தாமான்காரர்கள் கையெழுத்து வாங்கினார்கள்.

கடைசி நாள், கோயில் பாலத்தைக் கழற்றி லோரியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது ஐந்தரை ஆனது. பாட்டி பூக்கூடையோடு வந்தார். புதிய மூடிக்கு முன்னால் நின்று, ஒரு காலை வைத்து அழுத்திப் பார்த்தார். இன்னொரு முறை மிதித்தார்.

"ஆடல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.